அட்டவணைகளைத் தரவுத்தளத்தில் ஏற்றும் வேலை: கைமுறையும் கருவிமுறையும்

விஞ்ஞானத்தின் எந்தத் துறையை எடுத்துக்கொண்டாலும் அதற்கு அடிப்படையாக அமைவன அளவீடுகளே. அவ்வளவீடுகளுள் பெரும்பாலானவை இன்றும் மனிதரின் கையாலேயே முதலில் பதிவாகின்றன. காலை 8.30 மணிக்கு மழைமானியின் அருகில் நின்று அளவைக் குறித்துக்கொள்ளும் பார்வையாளர், வயலில் மண் மாதிரி எடுக்கும் விவசாய உதவியாளர், கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கும் ஊழியர், பள்ளியின் மாணவர் தொகையை ஆண்டுதோறும் எழுதியனுப்பும் தலைமையாசிரியர் ஆகியோரே இந்நாட்டின் புள்ளி விவரங்களை உண்டாக்குகின்றனர். அவர்கள் எழுதியது தாளில் இருப்பினும், கைப்பேசியில் இருப்பினும், இறுதியில் ஏதோ ஓர் அலுவலகத்தின் தரவுத்தளத்தில், ஓர் அட்டவணையின் ஒரு வரியாகப் போய்ச் சேர்கிறது.

அளவிடும் முறையைப் பற்றிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. கணக்கிடும் முறையைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே, எழுதப்பட்ட அட்டவணை தரவுத்தளத்தில் ஏற்றப்படும் கட்டத்தைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. அது எழுத்தர் ஒருவரின் சில்லறை வேலையாகக் கருதப்படுகிறது. அக்கருத்து தவறானது. ஓர் அட்டவணையை ஏற்றும் முறையும் அதனைப் பயன்படுத்தும் நிரலின் ஒரு பகுதியே. ஆகவே அம்முறை எழுதி வைக்கப்பட்டு, கருவியால் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடத்தப்பட வேண்டும். அதே சமயம், ஏற்றும் வேலையைக் கருவியிடம் ஒப்படைப்பவர்கள் சரிபார்க்கும் பொறுப்பையும் அதனுடன் சேர்த்து ஒப்படைத்துவிடலாகாது.

அட்டவணைகளின் உறவு

1970 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர், எவ்வளவு பெரிய தரவுத் தொகுதியையும் எளிய அட்டவணைகளாகப் பிரித்து வைக்கலாம் என்றும், அவ்வட்டவணைகளைப் பொதுவான குறியீடுகளால் ஒன்றோடொன்று இணைக்கலாம் என்றும் ஒரு கட்டுரையில் விளக்கினார். இன்றைய தரவுத்தளங்களுள் பெரும்பாலானவை அக்கொள்கையின் மீதே எழுந்தவை.

இதற்கு ஆசிரியர்கள் நன்கு அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. இந்தியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கங்கள் கொண்ட யு-டைஸ் குறியீடு வழங்கப்பட்டிருக்கிறது. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், அடுத்த இரண்டு வட்டாரத்தையும், அடுத்த மூன்று கிராமத்தையும், இறுதி இரண்டு பள்ளியையும் குறிக்கின்றன. பள்ளிகளின் அட்டவணையில் மாவட்டத்தின் பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டியதில்லை. குறியீடு இருந்தால் போதும். பெயர் மாவட்ட அட்டவணையில் ஒரே ஓர் இடத்தில் இருக்கும்.

இதனால் விளையும் நன்மை வெளிப்படை. ஆனால் ஒரு பொறுப்பும் இதனோடு வந்து சேர்கிறது. பள்ளி ஒன்றின் வரியில் பிழை நேர்ந்தால் அப்பள்ளியின் கணக்கு மட்டுமே கெடும். மாவட்ட அட்டவணையில் ஒரு வரி பிழையானால் அம்மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்தின் கணக்கும் கெடும். அளவிற் சிறியவையான இத்தகைய குறியீட்டு அட்டவணைகளே பெரும்பாலும் கவனமின்றிக் கையால் ஏற்றப்படுகின்றன.

கைமுறையின் குறைகள்

கைமுறையில் வேலை நடக்கும் விதம் பலரும் அறிந்ததே. மின்னஞ்சலில் வந்த கோப்பை ஓர் ஊழியர் விரிதாளில் திறக்கிறார், தலைப்புகளைச் சரி செய்கிறார், சேமிக்கிறார், பிறகு தரவுத்தளத்தினுள் நுழைந்து, அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, கோப்பை ஏற்றுகிறார். திறமையும் நேர்மையும் உள்ள ஊழியரே இதைச் செய்தாலும் சில குறைகள் இம்முறையினின்றும் நீங்குவதில்லை.

முதலாவது, விரிதாளே தரவை மாற்றிவிடுகிறது. இந்திய மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் டெல்லியின் குறியீடு 07. ராஜஸ்தானின் குறியீடு 08. இவற்றை எண்கள் என்று கருதும் விரிதாள், முன்னிற்கும் பூஜ்யத்தை நீக்கி 7, 8 என்று வைத்துக்கொள்ளும். 11 இலக்கப் பள்ளிக் குறியீடு 10 இலக்கமாகக் குறையும். தரவுத்தளத்தில் குறியீடு எழுத்தாக வைக்கப்பட்டிருந்தால் 07 வேறு, 7 வேறு, இரண்டும் பொருந்தா. அப்பள்ளிகள் எந்த மாநிலத்தையும் சேராதவையாகிவிடும். உயிரியல் துறையில் இவ்வகைத் தொல்லை பெரிய அளவில் நேர்ந்தது. மார்ச், செப்டம்பர் ஆகிய மாதப் பெயர்களின் சுருக்கத்தை ஒத்த பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் விரிதாள் தேதிகளாக மாற்றி வந்தது. விரிதாளில் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருந்தது என்று 2016 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. இறுதியில், 2020 ஆம் ஆண்டில், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அப்பெயர்களையே மாற்றி அமைத்தது.

இரண்டாவது, எழுத்துரு முறை. கோப்பு ஒரு முறையில் எழுதப்பட்டு வேறொரு முறையில் படிக்கப்பட்டால் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளில் உள்ள ஊர்ப் பெயர்கள் வெறும் கேள்விக் குறிகளாக மாறிவிடும். கேள்விக் குறிகளாகச் சேமிக்கப்பட்டபின் அவற்றிலிருந்து பழைய பெயர்களை மீட்க வழி கிடையாது.

மூன்றாவது, வரிசை. மாநிலம், மாவட்டம், வட்டாரம், பள்ளி என்ற முறையிலேயே அட்டவணைகள் ஏற்றப்பட வேண்டும். இவ்வரிசை ஊழியரின் நினைவில் மட்டுமே இருந்தால், அவர் விடுப்பில் சென்ற நாளில் அது அலுவலகத்தில் இல்லை என்பதே பொருள்.

நான்காவது, சான்றின்மை. எந்தக் கோப்பு, எந்தத் தேதியில், யாரால், எத்தனை வரிகளுடன் ஏற்றப்பட்டது என்பதற்குக் கைமுறையில் பெரும்பாலும் பதிவு இருப்பதில்லை. ஆறு மாதங்களுக்குப் பின் ஓர் எண்ணைப் பற்றி ஐயம் எழுந்தால், விசாரிக்க வழியின்றிப் பழி கள ஊழியர் மீதே விழுகிறது. தாம் சரியாக எழுதியனுப்பினார் என்பதை மெய்ப்பிக்க அவரிடம் நகலேட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஆகவேதான் இப்பிரச்சினை கணிப்பொறி நிபுணர்களுக்கு மட்டும் உரியதாகாது.

கட்டுமானக் கருவி

மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் இயக்கக்கூடிய வடிவுக்குக் கொண்டுவரப் பல படிகள் உண்டு. மொழிமாற்றுதல், பரிசோதித்தல், ஒன்றாகக் கட்டுதல் முதலியன அவை. இப்படிகளை எழுதிவைத்த வரிசைப்படி தாமே நடத்தும் மென்பொருட்களுக்குக் கட்டுமானக் கருவிகள் என்று பெயர்.

இவற்றுள் முன்னோடியான மேக் என்பதனை 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கினார். அது தோன்றிய வரலாறு சிந்திக்கத்தக்கது. அவருடைய சகாவான ஸ்டீவ் ஜான்சன் ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கினார். உண்மையில் பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மீண்டும் மொழிமாற்ற மறந்ததே குறை. அறிவிற் சிறந்த நிபுணரும் ஒரு படியை மறக்கக்கூடும் என்பதும், மறதிக்கு மருந்து எச்சரிக்கையைக் காட்டிலும் எழுதி வைத்த முறையே என்பதும் இதனால் விளங்கும்.

ஜாவா மொழியில் எழுதப்படும் நிரல்களுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது மேவன் என்னும் கட்டுமானக் கருவி. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் ஆதரவில் வளர்ந்த இதன் முதற் பதிப்பு 2004 ஆம் ஆண்டிலும், இன்றைய அமைப்புக்கு அடிப்படையான இரண்டாம் பதிப்பு 2005 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மேவன் தன்னளவில் செய்யும் வேலை மிகச் சொற்பம். எந்தெந்தக் கட்டங்கள், எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை அது வகுக்கிறது; ஒவ்வொரு கட்டத்திலும் உண்மையான வேலையைச் செய்பவை அதனுடன் இணைக்கப்படும் செருகுநிரல்கள். கட்டட மேஸ்திரி வேலையின் முறையை நிர்ணயிக்க, கொத்தரும் தச்சரும் தத்தம் வேலையைச் செய்வதற்கு இதை ஒப்பிடலாம்.

செருகுநிரலின் வேலை

தரவுத்தளத்தில் அட்டவணைகளை ஏற்றுவதற்கும் இத்தகைய செருகுநிரல்கள் உள்ளன. சில, எஸ்கியூஎல் கட்டளைக் கோப்புகளை அப்படியே இயக்குகின்றன. டிபியூனிட் என்பதனைச் சார்ந்தவை, அட்டவணைகளின் உள்ளடக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்து நிரப்புகின்றன. ஃப்ளைவே, லிக்விபேஸ் ஆகியவை, தரவுத்தளத்தில் காலந்தோறும் செய்யப்படும் மாற்றங்களை வரிசையெண் இட்டு நடத்துகின்றன.

இவற்றைப் பயன்படுத்தும் முறை சுருக்கமாகப் பின்வருமாறு. ஏற்ற வேண்டிய அட்டவணைகள், காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய எழுத்துக் கோப்புகளாகவோ எஸ்கியூஎல் கட்டளைகளாகவோ நிரலுடன் ஒரே இடத்தில் வைக்கப்படுகின்றன. மேவனின் திட்டக் கோப்பில், எந்தச் செருகுநிரல், அதன் எந்தப் பதிப்பு, எந்தக் கட்டத்தில் இயங்க வேண்டும், எந்தக் கோப்புகளை எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்பவை குறிக்கப்படுகின்றன. கோப்புகளின் எழுத்துரு முறை யுடிஎஃப்-8 என்பதும் அங்கேயே எழுதப்படுகிறது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் மட்டும் அங்கு எழுதப்படலாகாது. அதை ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் தனியே உள்ள அமைப்புக் கோப்பில் வைத்துக்கொள்ள மேவனில் வசதி உண்டு. இவை அமைந்தபின் ஒரே கட்டளையில் அனைத்தும் நடைபெறும். இன்று சென்னையில் ஓர் ஊழியர் செய்தாலும், அடுத்த ஆண்டு குவாஹாட்டியில் வேறொருவர் செய்தாலும், ஒரே கோப்புகள் ஒரே வரிசையில் ஒரே விதமாக ஏறும்.

ஃப்ளைவே கையாளும் ஒரு முறை குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. அது ஏற்றிய ஒவ்வொரு கோப்பின் பெயரையும், ஏற்றிய நேரத்தையும், அக்கோப்பின் எழுத்துக்களிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணையும் தரவுத்தளத்திலேயே ஒரு தனி அட்டவணையில் எழுதி வைக்கிறது. வரிசையெண் இட்டு ஏற்றிய ஒரு கோப்பைப் பின்னர் எவரேனும் இரகசியமாகத் திருத்தினால், மறுமுறை சோதிக்கும்போது சரிபார்ப்பு எண் மாறுபடும், வேலை நின்றுவிடும். திருத்தம் வேண்டுமாயின் புதிய எண்ணுடன் புதிய கோப்பாகவே எழுத வேண்டும். பொறுப்பான அலுவலகப் பதிவேட்டில் பழைய எழுத்தைச் சுரண்டி அழிக்காமல், ஒரு கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையொப்பமிடும் வழக்கமே இங்கு இயந்திர வடிவம் பெற்றிருக்கிறது.

மாறும் மாவட்டங்கள்

இந்தியா போன்ற நாட்டில் இம்முறை எவ்வளவு அவசியம் என்பதை மாவட்டங்களின் வரலாறு காட்டும். 2001 ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 593 மாவட்டங்கள் இருந்தன. 2011 ஆம் ஆண்டில் அவை 640 ஆயின. தெலங்கானா 2014 ஆம் ஆண்டில் 10 மாவட்டங்களுடன் தனி மாநிலமாயிற்று. 2016 அக்டோபரில் அவை 31 ஆகவும், 2019 ஆம் ஆண்டில் 33 ஆகவும் பெருகின. ஆந்திரப் பிரதேசத்தின் 13 மாவட்டங்கள் 2022 ஏப்ரலில் 26 ஆக்கப்பட்டன.

எண்ணிக்கை மாறுவதைவிடப் பொருள் மாறுவது அதிகக் குழப்பம் தரும். வாரங்கல் என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். 2016 ஆம் ஆண்டுக்கு முன் அது ஒரு பெரிய மாவட்டத்தின் பெயர். அவ்வாண்டில் அது பல மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டபோது, வாரங்கல் நகர்ப்புறம், வாரங்கல் கிராமப்புறம் என்று இரு மாவட்டங்கள் தோன்றின. 2021 ஆம் ஆண்டில் நகர்ப்புற மாவட்டம் ஹனுமகொண்டா என்றும், கிராமப்புற மாவட்டம் வாரங்கல் என்றும் பெயர் பெற்றன. ஆகவே 2015 ஆம் ஆண்டு மழை அட்டவணையில் உள்ள வாரங்கலும், 2022 ஆம் ஆண்டு அட்டவணையில் உள்ள வாரங்கலும் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பன ஆகா. இரண்டையும் பெயரால் மட்டும் இணைத்து வரைபடம் வரைபவர், வாரங்கலில் ஒரே ஆண்டில் சாகுபடிப் பரப்பு சுருங்கிற்று என்றோ, பள்ளிகள் மறைந்தன என்றோ முடிவு கட்டக்கூடும்.

இத்தகைய அட்டவணையைக் கையால் திருத்துபவர் பழைய வரியை அழித்துப் புதியதை எழுதிவிடுகிறார். வரிசையெண் இட்ட மாற்றக் கோப்புகளாக அதை வைத்திருக்கும் அலுவலகத்திலோ, எந்தத் தேதியில் எந்த மாவட்டம் எதிலிருந்து பிரிந்தது என்பது படிப்படியாகக் காணக் கிடைக்கும். பழைய ஆண்டின் கணக்கைப் பழைய எல்லைகளுடன் மீண்டும் கணக்கிடவும் இயலும். முப்பது ஆண்டுத் தொடரை ஆராயும் விஞ்ஞானிக்கு இதைக் காட்டிலும் பெரிய உதவி வேறில்லை.

கருவியால் விளையும் அபாயங்கள்

கருவிமுறையை ஆதரிப்பவர்கள் அதன் குறைகளையும் மறைக்காமல் கூறுதல் முறையாகும். கையால் வேலை செய்யும் அனுபவசாலி ஒருவர், கோப்பைத் திறந்தவுடனேயே ஏதோ ஒன்று சரியில்லை என்பதைக் கண்டுகொள்வார். ஒரு நாளில் 900 மில்லிமீட்டர் மழை என்று எழுதியிருந்தால் அவர் கண் அங்கே நிற்கும், தொலைபேசியில் விசாரிப்பார். கருவிக்கு அந்தக் கண் இல்லை. பிழையான கோப்பையும் அது மிகுந்த ஒழுங்குடன் ஏற்றும்.

இங்கிலாந்தில் 2020 ஆம் ஆண்டில் நேர்ந்த நிகழ்ச்சி இதற்குச் சான்று. ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த கோவிட் பரிசோதனை முடிவுகளைத் திரட்டி மைய அமைப்புக்கு அனுப்பும் வேலை அங்குத் தானியங்கி முறையிலேயே நடந்தது. ஆயினும் இடையில் பழைய வகை எக்செல் கோப்பு பயன்பட்டது என்று செய்தி நிறுவனங்கள் அப்போது வெளியிட்டன. அவ்வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிகுந்தவை அறிவிப்பு எதுவுமின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. நோயாளிகளுக்குத் தத்தம் முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாட்கள் தாமதமாயிற்று. அனுப்பிய வரிகள் எத்தனை, சேர்ந்த வரிகள் எத்தனை என்று ஒப்பிடும் ஒரே ஒரு சோதனை இடையில் இருந்திருந்தால் முதல் நாளிலேயே குறை வெளிப்பட்டிருக்கும்.

மற்றோர் அபாயம் அழிவு. டிபியூனிட்டில், அட்டவணையை முதலில் வெறுமையாக்கிப் பின்னர் நிரப்பும் முறை ஒன்று உண்டு. பரிசோதனைக்கென வைத்த தரவுத்தளத்தில் அது மிகவும் பயனுடையது. ஒவ்வொரு பரிசோதனையும் ஒரே நிலையிலிருந்து தொடங்கும். ஆனால் முகவரி மாறி, உண்மைத் தரவுத்தளத்தில் அது இயங்கினால், பல்லாண்டு உழைப்பு சில விநாடிகளில் மறையும். ஃப்ளைவேயிலும் தரவுத்தள அமைப்பு முழுவதையும் நீக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது; அதன் அபாயத்தை உணர்ந்தே 2022 ஆம் ஆண்டில் வெளியான ஒன்பதாம் பதிப்பு முதல், வேண்டுமென்று அனுமதித்தாலன்றி அக்கட்டளை இயங்காதவாறு செய்தனர். அட்டவணை ஏற்றும் பயனருக்கு, நீக்கும் அதிகாரம் தரவுத்தளத்திலேயே மறுக்கப்பட வேண்டும். காப்புப் பிரதி எடுத்ததும் அதை ஒரு முறையேனும் மீட்டுப் பார்த்ததும் உறுதியான பின்னரே முதல் ஏற்றம் நடைபெற வேண்டும்.

பாதியில் நின்ற ஏற்றமும் தீமையே. ஒரு தொகுதியின் வரிகள் அனைத்தும் ஏறுக, இன்றேல் ஒன்றும் ஏறாதிருக்க என்று விதிப்பதற்குத் தரவுத்தளங்களில் பரிவர்த்தனை என்னும் ஏற்பாடு உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகளும் இதனுள் அடங்கும். மைஎஸ்கியூஎல்லில் அவை அடங்கா. எந்தத் தரவுத்தளம் என்பதை அறிந்தே ஏற்றத்தின் முறையை வகுக்க வேண்டும். பிழை நேர்ந்தாலும் தொடர்ந்து செல் என்று செருகுநிரலுக்கு உத்தரவிடவும் இயலும். வேலை விரைவில் முடிய வேண்டும் என்ற எண்ணத்தால் அவ்வாறு உத்தரவிடுவது, கணக்கில் ஓட்டையிட்டுவிட்டுக் கணக்கு முடிந்தது என்று அறிவிப்பதற்குச் சமம்.

வெற்றிடமும் பூஜ்யமும்

கள ஊழியர்கள் நேரடியாக உணரும் குறை வேறொன்று. கருவியின் சோதனைகள் கடுமையாக அமையும்போது, எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்ற விதி பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. பார்வையாளர் நோயுற்று ஒரு நாள் மழையை அளக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான பதிவு வெற்றிடமே. வெற்றிடத்தை இயந்திரம் ஏற்க மறுத்தால், படிவத்தை எப்படியேனும் அனுப்பியாக வேண்டிய நிலையில் அவர் 0 என்று எழுதுகிறார். அளக்கவில்லை என்பது மழை பெய்யவில்லை என்று மாறிவிடுகிறது. மாதக் கூட்டுத்தொகை குறைகிறது. வறட்சி மதிப்பீடு பிழைபடுகிறது. எந்தச் சோதனையாலும் பின்னர் இதைக் கண்டுபிடிக்க இயலாது. ஏனெனில் 0 என்பது முற்றிலும் முறையான எண்.

பள்ளிகளிலும் இவ்வாறே. ஆய்வுக்கூடத்தில் உள்ள நுண்ணோக்கிகள் எத்தனை என்ற கேள்விக்கு, ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளியின் ஆசிரியர் 0 என்று எழுதுவதும், பூட்டிய அறையைத் திறக்க இயலாத ஆசிரியர் 0 என்று எழுதுவதும் தரவுத்தளத்தில் ஒன்றாகவே தோன்றும். தவறு அவ்வாசிரியர்களுடையதன்று, உண்மையைக் கூற இடமளிக்காத அட்டவணையை வகுத்தவர்களுடையது. ஆதலால் சோதனை விதிகளை எழுதுபவர்கள் களத்திற்கு ஒரு முறையேனும் சென்று வர வேண்டும். இல்லை, அளக்கவில்லை, பொருந்தாது ஆகிய மூன்றிற்கும் தனித்தனிக் குறிகள் வேண்டும். அவற்றை ஏற்கும் விதத்தில் அட்டவணை அமைய வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஒரே ஒரு முறை ஏற்றி முடிக்க வேண்டிய சிறு அட்டவணைக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்ற வாதம் நியாயமானதே. நிரல் எழுதுவோர் இல்லாத சிற்றலுவலகத்தில் மேவனைக் கற்பிப்பதும் எளிதன்று. ஆனால் மாதந்தோறும் ஏற்றப்படும் அட்டவணைகளுக்கும், பல துறைகள் பகிர்ந்து கொள்ளும் குறியீட்டு அட்டவணைகளுக்கும் இவ்வாதம் பொருந்தாது. அவற்றை இனியும் விரிதாளையும் நினைவையும் நம்பி ஏற்றுவது பொறுப்பாகாது.

கருவியை மேற்கொள்ளும் அலுவலகங்கள் மேலும் ஒரு கடமையை ஏற்க வேண்டும். ஒவ்வோர் ஏற்றத்தின் முடிவிலும் ஒரு சீட்டு உண்டாக வேண்டும். வந்த வரிகள் எத்தனை, ஏற்றவை எத்தனை, மறுத்தவை எத்தனை, மறுத்ததன் காரணம் யாது, எந்தப் பதிப்புக் குறியீட்டு அட்டவணையுடன் ஒப்பிடப்பட்டது என்பவை அதில் இருக்க வேண்டும். அச்சீட்டு அலுவலகத்தோடு நின்றுவிடாமல், தரவை அனுப்பியவருக்கே திரும்பிச் செல்ல வேண்டும். மணியார்டர் அனுப்பியவருக்குக் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்ததை மூத்த ஊழியர்கள் அறிவர். மாதந்தோறும் எண்களை அனுப்பிவிட்டு அவை சென்றடைந்தனவா என்பதையே அறியாமல் ஓய்வு பெறும் ஊழியர்கள் பலர். தம் எண் எங்கே சென்று சேர்ந்தது என்பதைக் காண்பவரே அடுத்த எண்ணைக் கவனமாக எழுதுவார்.

சோதனையை மனிதரின் நல்லெண்ணத்திற்கு விட்டுவிடாமல் முறைக்குள்ளேயே அமைத்தல் இந்தியப் புள்ளியியலுக்குப் புதிதன்று. பி.சி. மஹலனோபிஸ் வகுத்த மாதிரிக் கணக்கெடுப்பு முறையில், ஒரே பகுதியிலிருந்து இரண்டு தனித்தனி மாதிரிகள் எடுக்கப்பட்டு, இரு வேறு குழுக்களால் தனித்தனியே கணக்கிடப்பட்டன. இரண்டின் முடிவுகளும் பெரிதும் வேறுபட்டால், பிழை எங்கோ புகுந்திருக்கிறது என்பது உடனே விளங்கும். குழுவினரைச் சந்தேகிப்பது இதன் நோக்கமன்று. மனிதர் பிழை செய்வர் என்பதை ஒப்புக்கொண்டு, அப்பிழை தானே வெளிப்படுமாறு வேலையை அமைப்பதே நோக்கம். அட்டவணை ஏற்றத்திலும் அதே மனப்பான்மை வேண்டும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பறையிலேயே தொடங்கலாம். பள்ளியின் மழைமானிப் பதிவையோ வருகைப் பதிவையோ இரு மாணவர்கள் தனித்தனியே எளிய எழுத்துக் கோப்பாகத் தட்டச்சு செய்யட்டும். இரண்டையும் கணிப்பொறியில் ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை மூலப் பதிவேட்டுடன் பார்த்துத் திருத்தட்டும். பிறகு எஸ்கியூலைட் போன்ற இலவசத் தரவுத்தளம் ஒன்றில், எழுதி வைத்த கட்டளைக் கோப்பின் மூலம் அதை ஏற்றட்டும். தரவுத்தளத்தை முழுவதும் நீக்கிவிட்டு, அதே கட்டளையால் மீண்டும் உண்டாக்கட்டும். இரண்டாம் முறையும் அதே வரிகள், அதே எண்ணிக்கையில் வந்து சேர்வதைக் காணும் மாணவர், மீண்டும் செய்து காட்டக்கூடியதே விஞ்ஞான முடிவு என்பதைப் பாடநூலின் வாயிலாக அன்றித் தம் கையாலேயே அறிந்துகொள்வர்.

களத்தில் எழுதப்பட்ட எண்ணை அட்டவணைக்குப் பழுதின்றிக் கொண்டு சேர்ப்பது தரவுத்தளத்தை நடத்துவோரின் கடன். அக்கடனை நிறைவேற்றக் கருவிகள் இருக்கின்றன. அவற்றுட் பல இலவசமாகவே கிடைக்கின்றன. வேண்டுவது, ஏற்றும் முறையை எழுதி வைக்கும் பழக்கமும், ஏற்றியதை எண்ணிப் பார்க்கும் பழக்கமும் ஆகும்.